அண்ணல் அம்பேத்கரின் ஆராய்ச்சிப் படிப்பு

மாட்டுப்பட்டியிலும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும் வாழும் நம்மவர் இல்லங்களிலிருந்து பிள்ளைகள் மலையிறங்கிச் சென்று சமூகப்பணியில் முதுகலைப் பட்டத்திற்குப் படிக்கும் காலம் வந்துள்ளது. அப்படிப்பில் ஆராய்ச்சி ஏடு ஒன்று எழுதித் தருதல் வேண்டும். மக்களை நேரில் கண்டு வினவி, அவர்தம் வாழ்வைக் கணக்கெடுத்து, காரணம் தேடி எழுதும் வேலை அது. நம் லயங்களுக்கும் வெளியூரார் வினாப் பட்டியலுடன் வந்து போவதுண்டு. விடை சொல்லியே பழகிய வீட்டில் ஒரு பிள்ளை வினவும் இடத்திற்கு உயரும்போது, பணமுடையால் நடுவழியில் நின்றுவிடுமோ என்னும் அச்சமும் உடன் எழுகிறது. ஆதலின், பாபாசாகேப் அம்பேத்கர் அவர்களின் வாழ்வில் படிப்புக்காலத்தை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். அரசியல் சட்டம் வகுத்ததும், 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் தம்மம் தழுவியதும் நம் வாசகர் நன்கறிந்தவை.

1891 ஏப்ரல் 14இல் மாவ் இராணுவக் குடியிருப்பில் சுபேதார் ராம்ஜியின் மகனாய்ப் பிறந்தார். மெட்ரிக்குலேஷன் தேறியபோது, கேளுஸ்கர் என்னும் ஆசிரியப் பெரியார் தாம் எழுதிய புத்தர் சரித்திரத்தை அவருக்குப் பரிசளித்தார். எல்பின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். 1913 பிப்ரவரியில் தந்தை மறைந்தார். குடும்பம் தள்ளாடிய அவ்வாண்டிலேயே பரோடா மகாராஜா சாயாஜிராவ் உபகாரச் சம்பளம் அளித்தார்: மாதம் பதினொன்றரைப் பவுன், மூன்றாண்டுகளுக்கு. படிப்பு முடிந்ததும் பத்தாண்டு பரோடா சமஸ்தானத்தில் ஊழியம் செய்வதாக ஒப்பந்தம் எழுதித் தந்தார்.

1913 ஜூலையில் நியூயார்க் சேர்ந்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றார். பொருளாதாரம் முதற்பாடம், சமூகவியல், வரலாறு, தத்துவம், மானிடவியல் ஆகியவற்றையும் விடவில்லை. செலிக்மன், டூவி முதலியோர் ஆசிரியர்கள். 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார்.

மறு ஆண்டு மே 9ஆம் நாள், கோல்டன்வைசர் என்னும் மானிடவியல் பேராசிரியரின் ஆராய்ச்சி வகுப்பில், இந்தியாவில் சாதிகளின் இயக்கமும் தோற்றமும் வளர்ச்சியும் பற்றி ஒரு கட்டுரை படித்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. ஆராய்ச்சி மாணவர் ஒவ்வொருவரும் அதனைப் படித்தல் வேண்டும் என்பது நம் கருத்து. பள்ளியில் தனியே கோணியில் அமர்த்தப்பட்டவர், தண்ணீர்க் குழாயைத் தொட உரிமையற்றிருந்தவர், அத்துயரம் எதனையும் அங்கே சொல்லவில்லை. கணக்கு ஒன்றைப் போட்டுக் காட்டினார். ஒரு கூட்டம் தனக்குள்ளேயே மணம் செய்வதென்று கதவை அடைத்துக்கொண்டால், அதனுள் ஆணும் பெண்ணும் சம எண்ணிக்கையில் இருந்தாக வேண்டும். கணவன் முன்னர் இறந்தால் ஒரு பெண் மிகுதியாவாள். மனைவி முன்னர் இறந்தால் ஓர் ஆண் மிகுதியாவான். மிகுந்த பெண் வெளியே மணந்தால் கதவு திறந்துவிடும். உள்ளேயே மறுமணம் செய்தால் கன்னியர்க்குரிய மணமகன் குறைவான். ஆகவே அவளை உடன் எரித்தனர். அன்றேல் கைம்மை நோன்பில் வைத்தனர். மிகுந்த ஆணை எரிக்க மனமில்லை. அவனுக்குப் பருவம் எய்தாத சிறுமியைத் தேடினர். உடன்கட்டை, கைம்மை, குழந்தை மணம் மூன்றும் சாதி என்னும் மூடிய கதவைக் காக்கும் தாழ்ப்பாள்களே என்று நிறுவினார். முதலில் கதவடைத்தவர் பிராமணர். ஏனையோருள் சிலர் அவரைப் பார்த்து அடைத்துக்கொண்டனர், சிலரோ வெளியே அடைபட்டனர் என்றார். இத்துணையும் சொல்லி, தம் கொள்கை பிழையென மெய்ப்பிக்கப்பட்டால் அதனைக் கைவிட இசைவதாகவும் கூறி முடித்தார். 1917இல் அக்கட்டுரை அச்சேறியது.

1916இல் லண்டன் சென்று பொருளாதாரக் கலாசாலையிலும் கிரேஸ் இன் சட்டக் கழகத்திலும் சேர்ந்தார். ஓராண்டுக்குள் உபகாரச் சம்பளம் முடிந்தது. நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பிவந்து தொடரலாம் என்று அனுமதி பெற்று, 1917 ஆகஸ்டில் பம்பாய் திரும்பினார். உலகப்போர்க் காலம் அது. அவருடைய நூல்களும் பெட்டிகளும் வேறு கப்பலில் வந்தன; அக்கப்பல் தாக்கப்பட்டுக் கடலில் மூழ்கியது.

ஒப்பந்தப்படி பரோடா போனார். அலுவலகத்தில் சேவகர் கோப்புகளைத் தூரத்திலிருந்து வீசினர். தங்க இடம் எவரும் தரவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளுடன் வந்து நின்றனர் சிலர். அன்று மாலை வெளியேறி, பம்பாய் ரயில் புறப்படும் வரையில் பொதுத்தோட்டத்தில் அமர்ந்திருந்தார். கொலம்பியாவில் கற்றுத் தேர்ந்தவருக்கு அவ்வூரில் ஒரு கூரை கிட்டவில்லை.

படிப்பை அவர் கைவிடவில்லை. 1918 நவம்பர் முதல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராயிருந்து சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் சாகு மகாராஜா உதவினார். நியூயார்க்கில் உடன் பயின்ற நவல் பத்தேனா ஐயாயிரம் ரூபாய் கடன் கொடுத்தார். பத்தேனாவும் பார்சியே என்பதைக் குறித்தல் நியாயம். இவ்விடத்தில் ரமாபாய் அம்மையாரையும் மறத்தலாகாது. கணவர் கடல்கடந்து சென்ற ஆண்டுகளில் வறுமையோடு குடும்பத்தை நடத்தியவர் அவரே.

1920இல் மீண்டும் லண்டன். அரை வயிற்று உணவு. பிரிட்டிஷ் மியூசியம் நூலகத்தில் காலை முதல் அடைக்கும் வரையில் வாசிப்பு. 1921இல் எம்.எஸ்ஸி. பட்டம். அடுத்த ஆண்டு ரூபாயின் பிரச்சினை பற்றி டி.எஸ்ஸி.க்கு எழுதிய ஏடு, திருத்தி எழுதுமாறு திரும்பியது. 1923இல் பம்பாய் வந்து, முடிவுகளை விட்டுக்கொடாமல் திருத்தி அனுப்பினார் என்று அவர் வரலாற்றாசிரியர் கூறுவர். அவ்வாண்டே பட்டம் கிடைத்தது, நூலும் வெளிவந்தது. அவருடைய முடிவுகள் சிலவற்றில் உடன்படாத பேராசிரியர் கானன் அதற்கு முன்னுரை எழுதினார். மாறுபட்ட மாணவரை மதிக்கும் ஆசிரியர் கிடைப்பது பெரும் பேறு.

ஆராய்ச்சி ஏட்டோடு அவர் நிற்கவில்லை. தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்று நம் முதியோர் சொல்லிவந்த 1924 ஜூலைப் பெருவெள்ளம் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்பாதையை அழித்த அதே மாதத்தில், 20ஆம் நாள், பம்பாயில் ஒடுக்கப்பட்டோர் நலனுக்காக பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவினார். சோலாப்பூரில் மாணவர் விடுதி ஒன்றை அச்சபை நடத்தியது.

கொலம்பியாவின் டாக்டர் பட்டம் மட்டும் எஞ்சியிருந்தது. ஆய்வேட்டை அச்சிட்டுப் பிரதிகள் தந்தாலன்றி அக்காலத்தில் அங்குப் பட்டம் இல்லை. மாகாண நிதியின் வளர்ச்சி பற்றிய அந்நூல் 1925இல் செலிக்மன் முன்னுரையுடன் அச்சாயிற்று. 1927 மார்ச் 20இல் மஹாத் நகரில் சவதார் குளத்தில் இறங்கி அண்ணல் நீர் பருகினார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் கொலம்பியா பட்டத்தை வழங்கியது.