கராத்தே வெள்ளை டிரஸ் எங்கிருந்து வந்தது? ஜிகோரோ கானோவின் கதை

சிங்காநல்லூரில் கராத்தே வகுப்புக்குப் போற பிள்ளைங்க போடும் வெள்ளை டிரஸ், ஜூடோவிலிருந்து வந்தது. ஜூடோவை உருவாக்கியவர் ஜப்பானின் ஜிகோரோ கானோ.

1860-ல் பிறந்த கானோ, சின்ன உடம்புக்காரர். பள்ளியில் பலசாலிப் பசங்க சீண்டியதால் ஜுஜுட்சு என்ற தற்காப்புக் கலையைக் கற்றார். 1882-ல் டோக்கியோவில் கோடோகன் பள்ளியைத் தொடங்கினார்.

ஜூடோவில் எதிராளியின் சட்டையைப் பிடித்துத்தான் வீழ்த்தணும். அதனால் இழுத்தாலும் கிழியாத தடித்த துணி. ஆரம்பத்தில் கையும் காலும் குட்டை. முழங்கை, முட்டி சிராய்த்தது. 1907 வாக்கில் நீளமானது. 1922-ல் டோக்கியோவில் கராத்தேயைக் காட்டிய ஃபுனகோஷியும் இதே பாணி உடைக்கு மாறினார்.

1938-ல் கப்பல் பயணத்தில் கானோ இறந்தார்.

தெருவில் யாராவது கையை வைக்கும்போது நாம் போட்டிருப்பது சுடிதாரோ ஜீன்ஸோதான். தற்காப்புக்காகக் கற்பவர்கள், மாஸ்டரிடம் கேட்டு அந்தத் துணியிலும் அவ்வப்போது பழகுவது நல்லது.