டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

சிவகாசித் தீப்பெட்டியின் பக்கத்தில் செம்பழுப்பு நிறப் பூச்சு ஒன்று உண்டு. குச்சியை அதில் உரசியதும் நெருப்புத் தோன்றுகிறது. அப்பூச்சில் உள்ள முதன்மையான பொருள் பாஸ்பரஸ். அதே பாஸ்பரஸ் வேறு பொருள்களுடன் கூடி நம் குருதியிலும் தசையிலும் உறைகின்றது. ஆங்கு அது ஆற்றும் பணியை உலகுக்கு விளக்கியவருள் ஒருவர், சென்னையில் பயின்ற டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார்.

ஆந்திர நாட்டுப் பீமவரத்தில் 1895ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள் இவர் பிறந்தார். வறுமையோடு போராடிய இவர், மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியினின்றும் தேறினார். பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். காந்தியடிகளின் வழிநின்று கதர் அங்கி அணிந்தமையால் ஆசிரியர் ஒருவரின் வெறுப்புக்கு ஆளானார்; முழுப் பட்டமும் கிட்டாது போயிற்று. உடன்பிறந்தார் இருவரை ஸ்ப்ரூ என்னும் குடல்நோய் கொண்டு சென்றது. உண்ட உணவு உடலில் ஒட்டாமல் மெலிந்து மாயச் செய்யும் நோய் அது. அத்துயரம் அவர் உள்ளத்தில் ஆறாத புண்ணாயிற்று.

இளம் மனைவியைப் பிரிந்து அமெரிக்கா சென்ற சுப்பாராவ், மருத்துவமனையில் ஏவலாளாக வேலை செய்துகொண்டே ஹார்வர்டில் பயின்றார். 1925இல் ஃபிஸ்கே என்பாருடன் சேர்ந்து, உடற்பொருள்களில் உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை வகுத்தார். பாஸ்பரஸ் மிகுந்தால் கரைசலின் நீலம் அடர்ந்து காட்டும். அம்முறையின் துணையால், தசைக்கு ஆற்றல் அளிக்கும் ஏ.டி.பி. என்னும் பொருளை 1929இல் இருவரும் கண்டனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்பவரும் அதனைத் தனித்துக் கண்டார்.

ஹார்வர்டில் நிலையான பதவி வாய்க்காமையால், 1940இல் லெடர்லி மருந்து ஆய்வுக்கூடத்தை அடைந்தார். அவர் தலைமையில் உழைத்த குழுவினர் 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். உடன்பிறந்தாரைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கே அது மருந்தாயிற்று! யானைக்கால் நோய்க்குரிய மருந்தும் அவ்வாய்வுக்கூடத்திற் பிறந்தது. தாயகம் திரும்பாமலே 1948இல் தம் 53ஆம் வயதில் அவர் மறைந்தார்.

அவர் கண்ட ஏ.டி.பி. இன்றும் ஆய்வாளர்க்குத் துணைநிற்கின்றது. இன்சுலின் என்னும் ஹார்மோன் நம் உயிரணுவை அடைந்ததும், அதனை ஏற்கும் புரதமாகிய ஏற்பி, ஏ.டி.பி.யிலிருந்து பாஸ்பேட்டைப் பெற்றுத் தன்மேல் பூட்டிக்கொள்கிறது. இதனாலேயே செய்தி உள்ளே பரவுகிறது. மனித உயிரணுக்களில் இவ்வேற்பி மிகச் சிறிதளவே கிட்டும். ஆதலின், மனிதனின் மரபுக்கூற்றைப் பூச்சிகளைத் தாக்கும் வைரஸ் ஒன்றில் பொருத்தி, கண்ணாடிக் குடுவையில் வளரும் பூச்சியின் உயிரணுக்களுள் செலுத்துகின்றனர். அவ்வுயிரணுக்கள் மனித ஏற்பியை மிகுதியாக ஆக்கித் தருகின்றன. அதற்கு ஏ.டி.பி.யை அளித்து, அது செயற்படுகின்றதா என அறிகின்றனர். இதற்குப் பெரிதும் பயன்படும் உயிரணுக்கள், நம் மக்காச்சோள வயல்களைப் பாழாக்கும் படைப்புழுவின் இனத்திலிருந்து பெற்றவை. பகையெனக் கருதும் புழுவும் அறிவுடையார் கையில் நண்பனாகின்றது!

தேர்வில் தோல்வியும், குடும்பத்தில் இழப்பும், உழைப்புக்கு ஏற்ற பதவியின்மையும் சுப்பாராவை அசைக்கவில்லை. தம் துயரைப் பிறர் துயர் துடைக்கும் ஆற்றலாக மாற்றினார். மாணவர்களே, இவர் வாழ்வு நம் நெஞ்சில் என்றும் நிலைத்தற்குரியது.