சாலைக் கடைவீதி முதல் மண்ணடி வரை: வேலுத்தம்பி தளவாயின் வாழ்வும் வழக்கும்

புது தில்லி: கிளிமானூர் அரண்மனையில் சுமார் 150 ஆண்டுகள் பாதுகாக்கப்பட்ட வாள் ஒன்று, 1957-ல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் கேரளத்துக்கு வெளியே இருந்த அந்த வாள், 2010 ஜூனில் திருவனந்தபுரம் திரும்பி, நேப்பியர் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் அதன் உரிமையாளரின் உருவம் பொறித்த அஞ்சல் தலையையும் மத்திய அரசு வெளியிட்டது. அவர்தான் திருவிதாங்கூரின் வேலுத்தம்பி தளவாய். ஆங்கிலேயரை எதிர்த்து உயிர் துறந்த வீரர் என்று போற்றப்படுபவர். அதே ஆங்கிலேயரின் துணையுடன் தன் நாட்டுப் படையினரை ஒடுக்கியவர் என்ற குற்றச்சாட்டும் அவர் மீது உண்டு. இரண்டும் உண்மை என்பதே அவரது வரலாற்றின் சிக்கல்.

சாலை கண்ட திவான்

திருவனந்தபுரத்தில் கிழக்குக் கோட்டை வாயிலிலிருந்து தொடங்கும் சாலைக் கடைவீதியில் இன்றும் தமிழ் கேட்கலாம். நாஞ்சில் நாட்டை நோக்கிச் செல்லும் பழைய வழி இந்தத் தெரு, கிள்ளிப்பாலம், கரமனை வழியாகவே போகிறது. இக்கடைவீதியை உருவாக்கியவர் ராஜா கேசவதாசன். தளவாய் என்ற பழைய பதவிப் பெயரை விடுத்து, திருவிதாங்கூரில் முதன்முதலாகத் திவான் எனப் பெயர் பூண்டவர். ஆலப்புழை துறைமுகத்தை வளர்த்தவரும் அவரே.

1798-ல் தர்மராஜா மறைந்தார். 16 வயது அவிட்டம் திருநாள் பலராம வர்மா அரியணை ஏறினார். இளம் அரசரைச் சூழ்ந்திருந்த ஜெயந்தன் சங்கரன் நம்பூதிரி முதலியோரின் செல்வாக்கால் கேசவதாசன் பதவி இழந்தார். 1799-ல் அவர் இறந்தபோது, நஞ்சிடப்பட்டார் என்ற பேச்சு நாடெங்கும் பரவியது. நம்பூதிரி தலைமை அமைச்சரானார். சங்கரநாராயணச் செட்டியும் மாத்து தரகனும் அவருக்குத் துணை நின்றனர். காலியான கருவூலத்தை நிரப்ப, வசதி படைத்தோரின் பட்டியல் தயாரித்துக் கட்டாய வசூல் நடந்தது. தர மறுத்தவர்களுக்குச் சவுக்கடி விழுந்தது.

நாஞ்சில் நாட்டின் எழுச்சி

அந்தப் பட்டியலில் வேலாயுதன் செம்பகராமன் தம்பியும் இடம் பெற்றார். 1765-ல் இரணியலை அடுத்த தலக்குளத்தில் பிறந்தவர். இன்று அவ்வூர் தமிழகத்தின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. மாவேலிக்கரையில் காரியக்காரராகப் பணியாற்றிய அனுபவம் அவருக்கு இருந்தது. பணம் கட்டச் சில நாள் அவகாசம் கேட்டு ஊர் திரும்பியவர், பணத்துக்குப் பதில் மக்களைத் திரட்டினார். நாஞ்சில் நாட்டிலிருந்து புறப்பட்ட பெருங்கூட்டம் கோட்டை வாயிலில் திரண்டது. அரசர் பணிந்தார். நம்பூதிரி நாடு கடத்தப்பட்டார். செட்டிக்கும் தரகனுக்கும் காது அறுக்கும் தண்டனை நிறைவேற்றப்பட்டது. மக்கள் எழுச்சியே அமைச்சரவையைக் கவிழ்த்த அரிய நிகழ்வு அது.

1802-ல் வேலுத்தம்பியே தளவாய் ஆனார். நிலங்களை அளந்து வரி நிர்ணயித்தார், நிலுவைகளை வசூலித்தார். ஊர் ஊராகச் சென்று வழக்குகளை விசாரித்து, அங்கேயே தீர்ப்பும் அளித்தார். லஞ்சம் வாங்கிய அதிகாரிகளுக்கு உடல் உறுப்புகளை வெட்டும் தண்டனைகள் கிடைத்தன. நிர்வாகம் சீர்பட்டது. ஆனால் அச்சமும் பகையும் உடன் வளர்ந்தன.

கம்பெனியின் நண்பர்

அரண்மனைச் சூழ்ச்சிகளால் பதவிக்கு ஆபத்து வந்தபோது, வேலுத்தம்பி நாடியது கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடெண்ட் கர்னல் காலின் மெக்காலேயை. பின்னாளில் இந்தியக் கல்வியில் ஆங்கிலத்தைப் புகுத்திய தாமஸ் மெக்காலேயின் பெரியப்பா இவர். 1801-ல் பாஞ்சாலங்குறிச்சிப் போரில் கம்பெனிப் படைக்குத் தலைமை தாங்கியவர்.

கம்பெனிக்குச் செலுத்த வேண்டிய தொகைக்காக, நாயர் படையினரின் படிகளைக் குறைக்கத் தளவாய் முனைந்தார். 1804-ல் படை கிளர்ந்தெழுந்தது. ஆயிரக்கணக்கான வீரர்கள் தளவாயின் தலை வேண்டும் என்று தலைநகர் நோக்கி வந்தனர். அவர் கொச்சிக்குத் தப்பிச் சென்று மெக்காலேயின் உதவியைப் பெற்றார். கலகம் ஒடுக்கப்பட்டது. தலைவர்களுள் ஒருவரான கிருஷ்ண பிள்ளையின் கால்கள் இரண்டு யானைகளுடன் பிணைக்கப்பட்டு, அவர் உடல் கிழித்தெறியப்பட்டது.

உதவிக்கு விலை 1805 ஜனவரி உடன்படிக்கை. ஆண்டுதோறும் செலுத்தும் தொகை இரு மடங்காகி 8 லட்சம் ரூபாய் ஆனது. உள்நாட்டு நிர்வாகத்தில் தலையிடும் உரிமையும் கம்பெனிக்குக் கிடைத்தது. வேலுத்தம்பியை அழித்தது எதிரி மட்டுமல்ல. அவர் காலத்தில் ஒப்புக்கொண்ட இந்தத் தொகையும்தான்.

குண்டறை அறைகூவல்

பணம் திரளவில்லை, நிலுவை பெருகியது. மாத்து தரகனின் சொத்துகளைப் பாக்கிக்காகத் தளவாய் பறிமுதல் செய்தபோது மெக்காலே குறுக்கிட்டார். நட்பு பகையாக மாறியது. ரெசிடெண்டைத் திரும்ப அழைக்கத் தளவாய் கோரினார். தளவாய் பதவி விலக வேண்டும் என்றார் ரெசிடெண்ட். கொச்சி அமைச்சர் பாலியத்து அச்சனுடன் கைகோத்த வேலுத்தம்பி, மொரீஷியஸில் இருந்த பிரெஞ்சுக்காரர்களின் துணையையும் எதிர்பார்த்தார். அது வரவில்லை.

1808 டிசம்பர் இறுதியில், நள்ளிரவில், கொச்சியில் மெக்காலேயின் மாளிகை தாக்கப்பட்டது. அவர் தப்பிக் கப்பல் ஏறினார். அதே நாட்களில் ஆலப்புழைப் பகுதியில் கரையிறங்கிய சுமார் 30 ஆங்கிலேய வீரர்களும் ஒரு மருத்துவரும் பிடிக்கப்பட்டு, நீரில் மூழ்கடித்துக் கொல்லப்பட்டனர். போரில் இறந்தவர்கள் அல்லர், கைதிகள். இந்தக் கறையை அவரது ஆதரவாளர்களாலும் எளிதில் துடைக்க முடிவதில்லை.

1809 ஜனவரி 11-ல் குண்டறையில் வேலுத்தம்பி புகழ்பெற்ற விளம்பரத்தை வெளியிட்டார். கம்பெனி நாட்டைக் கைக்கொண்டால் அரசும் ஆலயமும் சாதி ஆசாரமும் அழியும், உப்பு வரை வரியும் ஏகபோகமும் வரும் என்று அது எச்சரித்தது. 1801-ல் மருது சகோதரர்கள் வெளியிட்ட ஜம்புத்தீவுப் பிரகடனத்துடன் இதனை ஒப்பிடுவோர் உண்டு. அந்நியர் ஆட்சியின் ஆபத்தை உணர்ந்த தொலைநோக்கு என்று சிலரும், ஆசாரத்தைக் காட்டி ஆள் திரட்டிய முயற்சி என்று சிலரும் அதனை மதிப்பிடுகின்றனர்.

ஆரல்வாய்மொழி வீழ்ந்தது

ஜனவரி நடுவில் கொல்லத்தில் நடந்த போரில் திருவிதாங்கூர்ப் படை தோற்றது. கிழக்கே, பாளையங்கோட்டைப் பக்கமிருந்து கர்னல் செயின்ட் லீஜரின் படை வந்தது. பிப்ரவரி 10-ல் ஆரல்வாய்மொழிக் கோட்டை வரிசை வீழ்ந்தது. இரவில் மலையேறி அதைக் கைப்பற்றிய பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் ஜேம்ஸ் வெல்ஷ். எட்டு ஆண்டுகளுக்கு முன் மருது பாண்டியர்களின் முடிவைக் கண்ட அதே அதிகாரி. தொடர்ந்து பத்மநாபபுரமும் உதயகிரியும் பணிந்தன.

அரசர் வேலுத்தம்பியைக் கைவிட்டார். உம்மிணித் தம்பி புதிய அமைச்சரானார். முன்னாள் தளவாயைப் பிடித்துத் தருவோருக்கு 50,000 ரூபாய் பரிசு அறிவிக்கப்பட்டது. கிளிமானூரில் தன் வாளை ஒப்படைத்துவிட்டு, வேலுத்தம்பி மண்ணடி பகவதி கோயிலில் தஞ்சம் புகுந்தார். தேடி வந்தோர் நெருங்கியபோது, தன்னைக் கொன்றுவிடுமாறு தம்பி பத்மநாபனிடம் கேட்டார். 1809 மார்ச் இறுதியில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது வயது 43.

அவரது உடல் திருவனந்தபுரம் கண்ணம்மூலையில் தொங்கவிடப்பட்டது. தம்பி தூக்கிலிடப்பட்டார். தலக்குளம் வீடு இடிக்கப்பட்டது. இறந்த உடலை இழிவுபடுத்தியதைத் தலைமை ஆளுநர் மின்டோ பிரபுவே கண்டித்தார்.

எஞ்சிய கேள்வி

கிளர்ச்சிக்குப் பின் திருவிதாங்கூர்ப் படை பெரும்பாலும் கலைக்கப்பட்டது. 1811-ல் ரெசிடெண்ட் கர்னல் மன்றோவே திவான் பொறுப்பையும் ஏற்றார். குண்டறை விளம்பரம் அஞ்சியவற்றுள் பெரியது இரண்டே ஆண்டுகளில் நடந்தேறியது.

கேரளத் தலைமைச் செயலகத்தின் முன் வேலுத்தம்பியின் சிலை நிற்கிறது. 1799-ல் மக்களைத் திரட்டி அதிகாரத்தைப் பணிய வைத்தவர், 1804-ல் தன் படையினரின் கோரிக்கையைக் கேட்க மறுத்து அந்நியரை அழைத்தார். ஐந்தாண்டுகளில் தவறை உணர்ந்து எதிர்த்தபோது, அவருக்காகப் போரிடப் போதிய படையும் இல்லை. துணை நிற்க அரசரும் இல்லை. அவரது தியாகத்தைப் போற்றும் எவரும், உள்நாட்டுப் பூசலுக்கு வெளியார் துணையை நாடியதால் வந்த விலையையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.