காந்தி படத்துக்காக 1 லட்சம் மைல்: யார் இந்த ஏ.கே.செட்டியார்?

தூர்தர்ஷனில் ஒரு அரை மணி நேரம் கிடைக்காதா என்று ஆவணப்படக்காரர்கள் ஒரு காலத்தில் ஏங்கினார்கள். நம்ம ஊரில் டிவியே இல்லாத காலத்தில் ஆவணப்படம் எடுக்கக் கிளம்பியவர் ஏ.கே.செட்டியார். 1911-ல் பிறந்த கோட்டையூர்க்காரர்.

1937-ல் நியூயார்க்கிலிருந்து கிளம்பிய கப்பலில்தான் காந்தி பற்றிப் படம் எடுக்கும் எண்ணம் வந்தது. அரசு உதவியெல்லாம் கிடையாது. நாடு நாடாகப் போய், யார் யாரோ எடுத்து வைத்திருந்த காட்சிகளைத் தேடிப் பிடித்தார். சேர்ந்தது சுமார் 50,000 அடி ஃபிலிம். வெட்டி ஒட்டியதில் 12,000 அடி படம். வயசு அப்போ 30கூட ஆகலை!

1940 ஆகஸ்ட்டில் சென்னையில் ரிலீஸ். உலகப்போர் நேரம், பிரிட்டிஷ் ஆட்சி வேற. காந்தி படத்தைத் தியேட்டரில் தொடர்ந்து ஓட்ட யாருக்குத் துணிச்சல் வரும்?

பிறகு 'குமரி மலர்' பத்திரிகை நடத்தினார். 1983-ல் மறைந்தார். அவர் உயிரோடு இருந்தபோதே, 1975-ல் சென்னைத் தூர்தர்ஷன் வந்துவிட்டது. அந்தத் தமிழ்ப் படத்தின் முழுப் பிரதிதான் இன்னும் கிடைக்கவில்லை.