முதலாம் இராஜராஜ சோழன்

முதலாம் இராஜராஜ சோழன் (ஆட்சிக்காலம் கி.பி. 985 - 1014) தஞ்சாவூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட சோழப் பேரரசன் ஆவான். இயற்பெயர் அருள்மொழிவர்மன். தந்தை சுந்தர சோழன், தாய் வானவன் மாதேவி. உத்தம சோழனுக்குப் பின் அரியணை ஏறி, பாண்டியர், சேரர் நாடுகளையும் ஈழத்தின் வடபகுதியையும் வென்றான். போர்களாலும் பெரிய கோயிலாலும் பெரிதும் அறியப்படும் இவனது ஆட்சியைத் தாங்கியவை பதிவேடுகளே எனலாம்.

நில அளவை

கி.பி. 1001 அளவில் நாடு முழுவதும் நிலம் அளக்கும் பணி தொடங்கியது. இப்பணியை நடத்திய சேனாபதி குரவன் உலகளந்தான் என்று பெயர் பெற்றான். இங்கிலாந்தின் புகழ்பெற்ற நிலப் பதிவேடு இதற்கு 85 ஆண்டுகள் பிற்பட்டது. ஒரு வேலியை 5,242 கோடிக்கும் மேற்பட்ட கூறுகளாகப் பகுத்த பின்னம் வரை கணக்கிடப்பட்டிருப்பது வியப்பளிக்கிறது. ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவை கழிக்கப்பட்டு, எஞ்சிய நிலத்துக்கே வரி விதிக்கப்பட்டது. வரி செலுத்தாதோர் நிலத்தை ஊரார் விற்கலாம் என 24ஆம் ஆட்சியாண்டில் ஆணையிடப்பட்டதால், உரிமையாளர் யார் என்ற பதிவு பிழையானால் ஒரு குடும்பம் நிலத்தையே இழக்க நேரும்.

தளிச்சேரிப் பதிவேடு

1010இல் பெரிய கோயிலின் விமானத்தில் கலசம் வைக்கப்பட்டது. தானும் தன் தமக்கை குந்தவையும் மனைவியரும் பிறரும் அளித்த கொடைகள் அனைத்தையும் கல்லில் வெட்டுமாறு மன்னன் பணித்தான். அவற்றுள் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது தளிச்சேரிக் கல்வெட்டு.

பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்ட ஏறத்தாழ 400 பெண்களின் முகவரிகள் இதில் உள்ளன. தெற்குத் தளிச்சேரி அல்லது வடக்குத் தளிச்சேரி, அதில் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, பெண்ணின் பெயர், முன்பிருந்த கோயில் என்ற வரிசையில் ஒவ்வொருவரும் பதியப்பட்டுள்ளனர். ஒரே பெயருடைய பலரைப் பிரித்தறிய முன்பிருந்த ஊர் உதவியது. ஒரு பங்குக்கு ஆண்டுதோறும் 100 கலம் நெல் என்பதால் இது வெறும் பெயர்ப் பட்டியல் அன்று.

எந்த முகவரிப் பதிவேடும் எழுதிய மறுநாளே பழையதாகத் தொடங்கும். இன்றைய இணைய முகவரிப் பதிவேடுகளுக்கும் இதே இடர் உண்டு. கல்லில் வெட்டியதைத் திருத்துவதோ எளிதன்று. அதனால் போலும், மாற்றத்துக்கான விதியும் உடன் பொறிக்கப்பட்டது. ஒருவர் இறந்தாலோ வெளியூர் சென்றாலோ நெருங்கிய உறவினர் அப்பங்கைப் பெற்றுப் பணி செய்ய வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையேல் தகுதியுடைய வேறொருவரை அமர்த்த வேண்டும். உறவினரே இல்லாவிடில் அப்பணியைச் செய்யும் ஏனையோர் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மறைவுக்குப் பின்

இராஜராஜன் 1014இல் மறைந்தான். மகன் முதலாம் இராஜேந்திரன் ஆட்சிக்கு வந்தான். நிலக் கணக்குகளும் காலப்போக்கில் பழையனவாயின; முதலாம் குலோத்துங்கன் 1086 அளவில் நாட்டை மீண்டும் அளந்தான். தஞ்சைக் கல்வெட்டுகள் 1891 முதல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அச்சாயின.