இருளில் ஆராய்ந்த எண்



கணக்கு என்றதும் நம்மில் பலருக்குத் தலைவலி வந்துவிடும். ஆனால் கண்ணொளி மங்கிய முதுமையிலும் கணக்கைக் கைவிடாத ஒரு மேதை இருந்தார். அவர்தான் லியோனார்டு ஆய்லர்.

1707ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் சுவிட்சர்லாந்து நாட்டின் பேசல் நகரில் அவர் பிறந்தார். போதகரான தந்தை, மகனும் போதகராக வேண்டும் என்று விரும்பினார். ஆனால் சிறுவனின் திறமையைக் கண்ட கணிதப் பேராசிரியர் யோகான் பெர்னூலி, தந்தையிடம் எடுத்துச் சொல்லி மனத்தை மாற்றினார். ஆய்லர் 1727இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்குச் சென்று அறிவியற் கழகத்தில் பணியில் சேர்ந்தார். 1738இல் வலக்கண் பார்வை போயிற்று. 1741 முதல் பெர்லினில் பணியாற்றி, 1766இல் மீண்டும் ரஷ்யா திரும்பினார். விரைவில் இடக்கண்ணும் மங்கியது. 1771இல் நகரில் பற்றிய தீ அவர் வீட்டையும் எரித்தது. அவரை ஊர்க்காரர் ஒருவர் சுமந்து வெளியே கொண்டுவந்தார். அதே ஆண்டு நடந்த கண் அறுவைச் சிகிச்சையால் கிடைத்த பார்வையும் நிலைக்கவில்லை.

இத்தனை துன்பங்களுக்குப் பின், 1772இல் அவர் ஒரு பெரிய எண்ணைப் பற்றிய முடிவை வெளியிட்டார். 31 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, ஒன்றைக் கழித்தால் 2,147,483,647 கிடைக்கும். நம் வழக்கில் இது 214 கோடியே 74 இலட்சத்து 83 ஆயிரத்து 647. இது பகா எண் என்று மெர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவி 1644இலேயே எழுதியிருந்தார். ஆனால் நிரூபணம் இல்லை.

இது பகு எண்ணாக இருந்தால், 46,340ஐத் தாண்டாத ஏதாவது ஓர் எண் இதை மீதியின்றி வகுக்க வேண்டும். அத்தனை எண்களையும் சோதிக்க ஓர் ஆயுள் போதுமா? ஆய்லர் முதலில் சிந்தித்தார். இந்த எண்ணை வகுக்கும் எதுவும், 248ஆல் வகுக்கப்படும்போது 1 அல்லது 63 மட்டுமே மீதி தரும் என்று கண்டார். இதனால் சோதிக்க வேண்டியவை நானூறுக்கும் குறைந்தன. அவற்றுள் ஒன்றுகூட வகுக்கவில்லை. ஆகவே அது பகா எண்ணே! அந்நாளில் அறியப்பட்டிருந்த பகா எண்களில் அதுவே மிகப் பெரியது. இம்முடிவைத் தெரிவித்த கடிதம் யாருக்குப் போயிற்று தெரியுமா? தம் பழைய ஆசானின் பேரனுக்குத்தான்!

இந்த எண்ணால் இன்னொரு பயனும் உண்டு. 6 என்னும் எண்ணை வகுக்கும் சிறிய எண்கள் 1, 2, 3. அவற்றைக் கூட்டினால் மறுபடியும் 6. இத்தகையவை செவ்விய எண்கள். ஆய்லரின் பகா எண்ணை 30 இரண்டுகளின் பெருக்கற்பலனால் பெருக்கினால், 19 இலக்கங்கள் கொண்ட எட்டாவது செவ்விய எண் கிடைக்கிறது.

ஆய்லர் சொல்லச் சொல்ல மகனும் மாணவர்களும் எழுதினர். 1783 செப்டம்பர் 18ஆம் நாள், தம் 76ஆம் வயதில் இறக்கும்வரை அவர் பணி ஓயவில்லை.

தோழியரே, விடை உடனே வராவிட்டால் நாம் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறோம். ஆய்லரிடம் பென்சில் பிடித்து எழுதப் பார்வையே இல்லை. பொறுமையும் சிந்தனையும் இருந்தன. அடுத்த கணக்குத் தேர்வில் அவரை நினைத்துக்கொள்வோமா?

— பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு