சவப்பெட்டிகளின் முன் நின்ற போதகர்

மூன்று சவப்பெட்டிகள். இரண்டில் 14 வயதுச் சிறுமியர். ஒன்றில் 11 வயதுக் குழந்தை. நான்காமவளை முதல் நாளே அடக்கம் செய்துவிட்டார்கள். 1963 செப்டம்பர் 18 அன்று, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துப் பர்மிங்காம் நகரில், ஆயிரக்கணக்கானோர் திரண்டிருந்த அடக்க ஆராதனையில் பேச எழுந்தார் 34 வயதுப் போதகர் ஒருவர். அவர்தாம் மார்ட்டின் லூதர் கிங்.

சரியாக மூன்று வாரங்களுக்கு முன்புதான் வாஷிங்டனில் இரண்டரை லட்சம் மக்கள் முன்னிலையில் தம் கனவை எடுத்துரைத்து உலகையே திரும்பிப் பார்க்க வைத்திருந்தார். அவரைப் பற்றி எழுதுவோர் எல்லாரும் அந்த மேடையைத்தான் முதலில் சொல்வார்கள். என்னைக் கேட்டால், அவர் வாழ்வில் ஏறிய மேடைகளுள் மிகக் கடினமானது பர்மிங்காம் மேடையே. காரணம் சொல்வதானால் அவர் பிள்ளைப் பருவத்திலிருந்து தொடங்க வேண்டும்.

1929 ஜனவரி 15-ல் ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டா நகரில் பிறந்தார். தந்தை போதகர், தாயைப் பெற்ற பாட்டனாரும் போதகர். ஆறு வயதில் அவருக்கு ஒரு வெள்ளைக்காரத் தோழன் இருந்தான். பள்ளி செல்லும் வயது வந்ததும், இனி உன்னோடு விளையாட மாட்டேன் என்று அவன் விலகிக்கொண்டான். நிறவெறி என்பது என்னவென்று அன்றுதான் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1944-ல், உயர்நிலைப் பள்ளி மாணவராக இருந்தபோது, வெளியூர்ப் பேச்சுப் போட்டி ஒன்றில் பேசி வென்றார். அமெரிக்க அரசியல் சட்டமும் கறுப்பின மக்களும் என்பது தலைப்பு! திரும்பும் வழியில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுக்கொடுக்கும்படி பேருந்து ஓட்டுநர் வைதார். உடன் வந்த ஆசிரியை பணிந்துபோகச் சொன்னதால் எழுந்தார். ஊர் வந்து சேரும்வரை நின்றுகொண்டே வந்தார். வாழ்நாளில் அன்று போல் என்றும் கோபம் கொண்டதில்லை என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இதை நாம் மறக்கலாகாது. அகிம்சை அவருக்குப் பிறவிக் குணமன்று. 1956 ஜனவரி 30-ல், மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்தபோது, அவர் வீட்டில் குண்டு வீசினார்கள். உள்ளே மனைவி கொரெட்டாவும் பிறந்து பத்து வாரமே ஆன மகளும் இருந்தனர், தெய்வாதீனமாகத் தப்பினர். கூட்டத்திலிருந்து ஓடோடி வந்த கிங், வாசலில் ஆயுதங்களோடு கொதித்து நின்ற தம் மக்களை அமைதிப்படுத்தி வீட்டுக்கு அனுப்பினார். ஆயினும் அந்நாளில் அவர் வீட்டிலும் துப்பாக்கி இருந்தது. உரிமம் கேட்டு விண்ணப்பமும் செய்தார், கிடைக்கவில்லை. தலைமையேற்றவன் கையில் துப்பாக்கி இருக்க அகிம்சையைப் போதிப்பது எப்படி என்று உள்ளுக்குள் போராடி, பின்னரே அதைத் துறந்தார். மலைப்பிரசங்கத்தைச் சிறு வயதிலேயே கேட்டிருந்தார். அதை ஓர் ஊரே கூடிக் கடைப்பிடிக்கும் முறையைக் காந்தியாரிடம் கற்றார். 1959-ல் ஒரு மாத காலம் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். அப்போது திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளியில், தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்களிடையே, அமெரிக்காவிலிருந்து வந்த சக தீண்டத்தகாதவர் என்று தம்மை அறிமுகம் செய்தார்கள் என்றும், முதலில் திடுக்கிட்டுப் பின் அது உண்மையே என்று உணர்ந்ததாகவும் அவரே கூறியிருக்கிறார்.

இனி பர்மிங்காமுக்கு வருவோம்.

1963 ஏப்ரலில் அங்கே அறப்போர் தொடங்கிற்று. புனித வெள்ளியன்று கிங் கைதானார். ஆனால் போராட்டம் தளர்ந்தது. சிறை சென்றால் வேலை போகும், வேலை போனால் அடுப்பு எரியாது, பெரியவர்கள் தயங்கினார்கள். அப்போது ஜேம்ஸ் பெவல் என்னும் இளம் தோழர் ஒரு யோசனை சொன்னார்: பள்ளி மாணவர்களை அழைப்போம். அவர்களுக்கு இழக்க வேலை இல்லை. கிங் தயங்கினார், பின்பு இசைந்தார். மே 2 அன்று, பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் ஆலயத்தின் கதவுகள் திறக்க, பிள்ளைகள் அணியணியாகப் பாடிக்கொண்டே வெளியே வந்தனர். நூற்றுக்கணக்கானோர் அன்றே கைதாயினர். மறுநாள் நகரப் பாதுகாப்பு ஆணையர் புல் கானர் ஏவலில் காவல் நாய்கள் பாய்ந்தன. தீயணைப்புக் குழாய்கள் பிள்ளைகளைத் தரையில் உருட்டின. படங்களைக் கண்டு உலகம் பதைத்தது. ஒரே வாரத்தில் நகர வணிகர்கள் இறங்கி வந்தார்கள்.

வெற்றிதான். ஆனாலும் பிள்ளைகளை முன்னிறுத்தலாமா என்ற கேள்வியை மால்கம் எக்ஸ் கடுமையாகக் கேட்டார். மத்திய சட்ட அமைச்சர் ராபர்ட் கென்னடியும் கண்டித்தார். இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. நிறவெறி அப்பிள்ளைகளை ஏற்கெனவே நாள்தோறும் அடித்துக்கொண்டுதான் இருந்தது, அவர்கள் திருப்பி எழுந்து நின்றார்கள் என்பது கிங்கின் விடை. சரியான விடைதான். எனினும் அந்த விடைக்கும் ஒரு சோதனை வந்தது.

செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. அதே பதினாறாம் தெரு ஆலயம். இளைஞர் ஞாயிறு என்பதால் சிறுமியர் புத்தாடை அணிந்து, கீழ்த்தளத்து அறையில் ஆராதனைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தனர். அன்றைய ஞாயிறுப் பள்ளிப் பாடம் மன்னிக்கும் அன்பைப் பற்றியது. காலை 10.22 மணிக்கு, படிக்கட்டின் கீழ் வைத்திருந்த டைனமைட் வெடித்தது. ஆடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கரோல் ராபர்ட்சன், டெனிஸ் மக்நேர் ஆகிய நால்வரும் மாண்டனர். ஆடி மேயின் தங்கை ஒரு கண்ணை இழந்தாள். வண்ணக் கண்ணாடிச் சன்னல் ஒன்றில் இயேசுவின் உருவம் அப்படியே நிற்க, முகம் மட்டும் பெயர்ந்து போயிருந்தது. கதை எழுதுபவன் இப்படி எழுதினால் நம்ப மாட்டோம். ஆனால் நடந்தது அதுதான்.

அன்றைய நாள் அதோடு முடியவில்லை. 16 வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவனைக் காவலர் சுட்டுக் கொன்றார். சைக்கிளில் அண்ணனோடு சென்ற 13 வயதுச் சிறுவனை, 16 வயது வெள்ளை மாணவன் ஒருவன் சுட்டான். சுட்டவன் சாரணர் படையில் உயர்ந்த விருது பெற்றவன்! கொன்றவனும் ஒரு பிள்ளை, செத்தவனும் ஒரு பிள்ளை.

இந்தப் பின்னணியில்தான் கிங் சவப்பெட்டிகளின் முன் நின்றார். என்ன சொல்ல முடியும்? மாநில ஆளுநர் வாலஸுக்கு அனுப்பிய தந்தியில், இக்குழந்தைகளின் இரத்தத்துக்கு அவரும் பொறுப்பென்று கடுமையாகவே எழுதியிருந்தார். ஆகவே கோபம் இல்லை என்று சொல்ல முடியாது. அடக்க ஆராதனையில் அவர் பேச்சு வேறு வகையில் அமைந்தது. குண்டு வைத்தவர் யார் என்பதோடு நில்லாமல், அத்தகையோரை வளர்த்த சமுதாய அமைப்பு எது என்று கேட்கச் சொன்னார். வாய் மூடி நின்ற மத குருமார்களையும், வெறுப்பை விற்று வாக்கு வாங்கிய அரசியல்வாதிகளையும், ஒதுங்கி நின்ற கறுப்பினத்தாரையும்கூட அக்குற்றத்தில் பங்குதாரர்களாகச் சுட்டினார். வெள்ளைச் சகோதரர் மீது நம்பிக்கை இழந்துவிட வேண்டாம் என்றும் வேண்டினார். பின்னர்ப் பெற்றோர் பக்கம் திரும்பி, மரணம் முடிவன்று என்ற கிறிஸ்தவ நம்பிக்கையை மெல்லச் சொன்னார். இரங்கல் உரை, அவ்வளவே. குண்டு வைத்தவர்களில் முதலாமவர் தண்டனை பெற 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மற்ற இருவர் 2001-லும் 2002-லும் தண்டிக்கப்பட்டனர். நான்காமவர் வழக்கே இன்றி 1994-ல் இறந்துபோனார்.

பெவலும் அவர் மனைவி டயான் நாஷும் குண்டுச் செய்தி கேட்ட அன்றே கூடி ஆலோசித்தார்கள். கொன்றவர்களைத் தேடிக் கொல்லலாமா என்ற எண்ணமும் எழுந்ததாக நாஷ் பின்னாளில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். அதை விடுத்து, அலபாமாவில் கறுப்பினத்தார் ஒவ்வொருவருக்கும் வாக்குரிமை பெற்றுத் தருவது என்று திட்டம் தீட்டினார்கள். அதன் வழியேதான் 1965-ல் செல்மா நடைப்பயணமும் வாக்குரிமைச் சட்டமும் பிறந்தன. 1964-ல் 35 வயதில் நோபல் பரிசு பெற்றதும், பரிசுப் பணம் முழுவதையும் இயக்கத்துக்கே கொடுத்ததும் எல்லாரும் அறிந்தவை.

அதிகம் பேசப்படாதது சிகாகோ. 1966-ல் அந்நகரின் சேரிப் பகுதியில் வாடகை வீடெடுத்துக் குடியேறினார். தெருச் சண்டையே வாழ்வாகக் கொண்ட இளைஞர் கும்பல்களை அந்த வீட்டுக்கு அழைத்து மணிக்கணக்கில் பேசினார். அவர்களே பின்னர் ஊர்வலங்களுக்குக் காவலாக வந்தார்கள். கல்லும் புட்டியும் பறந்து வந்து மூக்குகள் உடைந்தபோதும் ஒருவனும் திருப்பி அடிக்கவில்லை என்று வியந்து எழுதியிருக்கிறார். இதே போன்ற இளைஞர்கள்தாம், வியட்நாமில் நம் நாடு செய்வது மட்டும் என்ன என்று அவரைக் கேட்டார்கள். பதில் சொல்ல முடியாமல்தான் 1967 ஏப்ரல் 4-ல் போரை எதிர்த்து வெளிப்படையாகப் பேசினார். நண்பர்கள் பலரை இழந்தார்.

1968 மார்ச் 28-ல் மெம்பிஸ் நகரில், துப்புரவுத் தொழிலாளர்களுக்காக அவர் நடத்திய ஊர்வலத்தில் சில இளைஞர்கள் கடைக் கண்ணாடிகளை உடைத்தனர். காவலர் தாக்கினர், 16 வயதுச் சிறுவன் ஒருவன் சுடப்பட்டு இறந்தான். கிங்கின் அகிம்சை செத்தது என்று பத்திரிகைகள் ஏளனம் செய்தன. மறுநாள் உள்ளூர் இளைஞர் அணியைச் சேர்ந்த மூவர் அவர் தங்கியிருந்த அறைக்கு வந்தனர். அவர் ஏசவில்லை. உட்காரவைத்து, அடுத்த ஊர்வலம் அமைதியாக நடக்க அவர்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்டார். அதற்காகவே மீண்டும் மெம்பிஸுக்கு வந்தார். ஏப்ரல் 4 மாலை, விடுதி மாடத்தில் நின்றிருந்தபோது சுடப்பட்டார். வயது 39.

ஏப்ரல் 8-ல் அவர் நடத்தவிருந்த ஊர்வலம் நடந்தது. கொரெட்டா மூத்த பிள்ளைகள் மூவருடன் முன்னே நடந்தார். பல்லாயிரம் பேர் பேச்சின்றிப் பின்தொடர, அது அமைதியாக நடந்து முடிந்தது.